நாற்றுத் தட்டிலேயே செடியைப் படிப்பது எப்படி: வீட்டில் புது தக்காளி ரகம் உருவாக்க முழுமையான வழிகாட்டி

புது தக்காளி ரகம் ஒன்றை நாமே உருவாக்கலாமே என்று ஆசைப்படுகிற மாடித்தோட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். கலப்பு செய்து எடுத்த விதையின் இரண்டாம் தலைமுறையில் நூறு, இருநூறு செடியாவது பார்க்க வேண்டும். மாடியில் இருப்பதோ இருபது குரோ பேக். இதற்கு மேல் வைத்தால் துணி காயப்போட இடம் இல்லை என்று வீட்டில் சண்டை வரும்.

ஆனால் ஏறக்குறைய இருநூறு நாற்றுக்கு இரண்டு 98 குழித் தட்டு போதும். இருநூறையும் காய்க்கும்வரை வளர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு தக்காளி நாற்று ஐந்தாவது இலை விடுவதற்குள் தன் கட்டமைப்பைப் பற்றிப் பாதிக்கு மேல் சொல்லிவிடும். அதைப் படிக்கத் தெரிந்தால், இருநூறில் எந்தப் பன்னிரண்டு குரோ பேக்குக்குப் போக வேண்டும் என்பதைத் தட்டிலேயே முடிவு செய்துவிடலாம். இந்த வழிகாட்டி முழுக்க அதைப் பற்றித்தான். சுவை, நிறம், நோய் எதிர்ப்பு எல்லாம் போகிற போக்கில் வரும்.

இலை என்ன சொல்கிறது

கடையில் வாங்குகிற நாற்று பெரும்பாலும் சாதா இலை வகை. ஒரே காம்பில் பல சிற்றிலைகள், ஓரமெல்லாம் பல் பல்லாக வெட்டு, பெரிய சிற்றிலைகளுக்கு நடுவே பொடிப் பொடியாகச் சில குட்டிகள். தமிழ்நாட்டு ரகமான பி.கே.எம் 1 விதை போட்டால் வருவது இதுதான்.

அடுத்தது உருளைக்கிழங்கு இலை. சிற்றிலைகள் குறைவு, ஒவ்வொன்றும் பெரிது, ஓரம் வெட்டில்லாமல் வழவழவென்று இருக்கும். முதன்முறை பார்க்கிறவர்கள் விதை மாறிவிட்டதோ என்று சந்தேகப்படுவார்கள். அமெரிக்காவில் பேர்போன பிராண்டிவைன் இந்த வகை. ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போவதால் வருகிற மாற்றம் இது. அதனால்தான் நமக்கு இவ்வளவு உதவுகிறது: இருக்கும், அல்லது இருக்காது, நடுவாந்தரம் கிடையாது.

மூன்றாவது சுருக்க இலை. கரும்பச்சையாக, தடித்து, மேலெல்லாம் சுருக்கம் விழுந்து, கையால் தொட்டால் மொடமொடவென்று இருக்கும். இந்த இலையைக் கண்டால் தண்டையும் பாருங்கள். அநேகமாகக் குள்ளச் செடிதான். இலையைச் சுருக்குவதும் தண்டைக் குறுக்குவதும் ஒரே ஜீன். பிராசினோஸ்டீராய்டு என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செடி சரியாகத் தயாரிக்க முடியாமல் போவதன் விளைவு இரண்டும்.

இவை தவிர கேரட் இலைபோலப் பொடியாகப் பிளந்த இலை உண்டு. சில்வரி ஃபர் ட்ரீ என்ற ரஷ்ய ரகத்தில் பார்க்கலாம். இதய வடிவப் பழம் தருகிற ரகங்கள் பலவற்றில் இலை மெலிந்து, தொய்ந்து, தண்ணீர் பார்க்காத செடி மாதிரி நிற்கும். அது நோயில்லை, அந்த ரகத்தின் சுபாவமே அப்படி. நோஞ்சான் என்று நினைத்துப் பலர் பிடுங்கி எறிவது இந்த நாற்றைத்தான்.

தண்டு என்ன சொல்கிறது

தக்காளியின் உயரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு தனித்தனி விஷயங்கள். இரண்டையும் போட்டுக் குழப்புவதால்தான் 'குட்டை ரகம்' என்ற ஒரே பேரில் எல்லாவற்றையும் விற்கிறார்கள்.

முதலாவது, செடி வளர்ச்சியை நிறுத்துமா நிறுத்தாதா என்பது. கொடி ரகத்தில் முதல் பூங்கொத்துக்குப் பிறகு மூன்று இலை, ஒரு கொத்து, மறுபடி மூன்று இலை, ஒரு கொத்து என்று செடி சாகும்வரை போய்க்கொண்டே இருக்கும். புதர் ரகத்தில் கொத்துகளுக்கு இடையே உள்ள இலைகள் இரண்டாகி, ஒன்றாகி, கடைசியில் தண்டின் நுனியே பூங்கொத்தாகி முடிந்துவிடும். 1914ல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தற்செயலாகத் தென்பட்ட செடியிலிருந்து வந்த குணம் இது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹன்னாவும் கோபி லாரன்சனும் 1960களில் இயந்திர அறுவடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு அடிப்படையாக இருந்ததும் காய் மொத்தமாகப் பழுக்கிற இந்தக் கட்டமைப்புதான். நம் ஊரில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து சடுதிமாற்றம் மூலம் பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 புதர் ரகம்தான். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 3 அதைவிடக் கச்சிதமானது. ஓரடிக்கு ஒன்று என்று நெருக்கி நடலாம்.

இரண்டாவது, கணுவிடை நீளம். குள்ளச் செடி வளர்ச்சியை நிறுத்துவதில்லை. கணுக்கள் நெருங்கி இருப்பதால் மெதுவாக உயர்கிறது, அவ்வளவுதான். தண்டு விரல் கனத்துக்குத் தடித்து, குச்சி கட்டாமலேயே ஓரளவு நிற்கும். மாடிக்கு இதுதான் சரி என்பது என் கருத்து. புதர் ரகம் ஒரே மாதத்தில் காய்த்துக் கொட்டிவிட்டு ஓய்ந்துபோகும். வயலுக்கு அது வசதி. தினம் நாலு பழம் வேண்டும் என்கிற வீட்டுக்கு இல்லை.

சுவையிலும் வித்தியாசம் உண்டு. புதர் ரகத்தில் ஒரு கொத்துக்கு இருக்கிற இலை குறைவு, அதனால் பழத்துக்குப் போகும் சர்க்கரையும் குறைவு. குள்ளச் செடியில் கொத்துக்கு மூன்று இலை என்ற கணக்கு குறைவதில்லை. இலை வடிவத்துக்கும் இனிப்புக்கும்கூடத் தொடர்பு இருக்கிறது என்கிறது டேவிஸ் பல்கலைக்கழகத்தின் 2020 ஆய்வு ஒன்று: அவர்கள் எடுத்துக்கொண்ட பாரம்பரிய ரகங்களில் வட்டமான, அகன்ற சிற்றிலை கொண்டவை இனிப்பில் மேலாக இருந்தன. அதற்காக உருளைக்கிழங்கு இலை என்றாலே இனிக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நாக்குக்கு மாற்று கிடையாது.

எது ஓங்கும், எது ஒடுங்கும்

பள்ளியில் படித்த மெண்டல் இங்கே அப்படியே வேலை செய்கிறார். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிவது ஓங்கு பண்பு, இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே தெரிவது ஒடுங்கு பண்பு. சாதா இலை ஓங்கு பண்பு, உருளைக்கிழங்கு இலை ஒடுங்கு பண்பு. கொடி வளர்ச்சி ஓங்கும், புதர் வளர்ச்சி ஒடுங்கும். நெட்டை ஓங்கும், குள்ளம் ஒடுங்கும். சிவப்புச் சதை ஓங்கும், மஞ்சள் சதை ஒடுங்கும்.

நமக்கு வேண்டியவை பெரும்பாலும் ஒடுங்கு பண்புகளாக இருப்பதை நினைத்துக் கவலைப்படாதீர்கள். ஒடுங்கு பண்பு வெளியே தெரிந்துவிட்டால் அந்தச் செடியில் அது அப்போதே நிலைத்துவிட்டது என்று அர்த்தம். அதன் வாரிசு எல்லாம் அப்படியே வரும். சிக்கல் ஓங்கு பண்பில்தான்: வெளியே சாதா இலை காட்டிக்கொண்டு உள்ளே உருளைக்கிழங்கு இலையை ஒளித்து வைத்திருக்கும்.

படி 1: தாயைத் தேர்ந்தெடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவு வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஒடுங்கு பண்பு உள்ள செடியைத் தாயாக வையுங்கள்.

காரணம் எளிது. தக்காளி தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் செடி. நீங்கள் எவ்வளவு கவனமாகக் கலப்பு செய்தாலும், அது உண்மையில் கலந்ததா, தன் மகரந்தத்தையே எடுத்துக்கொண்டதா என்று காயைப் பார்த்துச் சொல்ல முடியாது. தாய் உருளைக்கிழங்கு இலை, தந்தை சாதா இலை என்றால் நாற்றே சாட்சி சொல்லும். சாதா இலை வந்தால் கலப்பு வெற்றி. உருளைக்கிழங்கு இலை வந்தால் தன்மகரந்தம், பிடுங்கிப் போடலாம். தலைகீழாகச் செய்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒரு பருவமே வீணாகும்.

எடுத்துக்காட்டாக ஒரு கலப்பை வைத்துக்கொள்வோம். தாய்: சிவப்புப் பழம் தரும் உருளைக்கிழங்கு இலைக் கொடி ரகம். தந்தை: சாதா வெட்டோடு சுருக்க இலை கொண்ட, மஞ்சள் பழம் தரும் குள்ளம். குறிக்கோள்: உருளைக்கிழங்கு இலை, குள்ளம், மஞ்சள் பழம்.

இந்த மாதிரிக் கலப்புக்கு முன்னுதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்க் ஸ்மாலும் 2005ல் குள்ளத் தக்காளித் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கோல்டன் ட்வார்ஃப் சாம்பியன் போன்ற பழைய குள்ள ரகங்களைச் சுவைக்குப் பேர்போன பாரம்பரிய ரகங்களோடு கலந்தார்கள். ஒரு நாட்டில் கோடை என்றால் மற்றதில் குளிர்காலம் என்பதால் விதையை மாற்றி மாற்றி அனுப்பி, வருடத்துக்கு இரண்டு தலைமுறை ஓட்டினார்கள். வேலை செய்தவர்கள் எல்லாம் வீட்டுத் தோட்டக்காரர்கள். 2010 முதல் நூற்றுக்கு மேற்பட்ட ரகங்கள் அதிலிருந்து வெளிவந்திருக்கின்றன. நமக்கு விதையை எங்கும் அனுப்ப வேண்டிய தேவை இல்லை. ஆடியை ஒட்டி ஒன்று, கார்த்திகை, மார்கழியில் ஒன்று என்று தமிழ்நாட்டிலேயே வருடத்துக்கு இரண்டு பட்டம் கிடைக்கும்.

படி 2: கலப்பு செய்வது

கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் இறங்காத நாட்களில் மகரந்தம் உயிர்ப்பை இழந்துவிடும், பூ உதிரும். சித்திரையில் முயன்று மனம் உடைய வேண்டாம்.

தேவையானவை கூர்முனை இடுக்கி, கைபேசி விளக்கு, கறுப்பாக வழவழப்பான ஏதாவது ஒன்று, நூல். கறுப்பு எதற்கு என்றால் மகரந்தத் தூள் வெளிர் மஞ்சள், அதில்தான் பளிச்சென்று தெரியும்.

தாய்ச் செடியில் மாலை நேரத்தில் மொட்டைத் தேடுங்கள். அல்லி இதழ் பச்சை கலந்த வெளிர் மஞ்சளாக, புல்லி இதழைத் தாண்டி லேசாக எட்டிப் பார்க்க வேண்டும். விரிந்திருக்கக் கூடாது. விரிந்து நல்ல மஞ்சளாகிவிட்டால் உள்ளே காரியம் முடிந்திருக்கும். ஒரு கொத்தில் இரண்டு மொட்டு போதும், மற்றதைக் கிள்ளிவிடுங்கள்.

மொட்டைப் பிரித்தால் நடுவே மகரந்தப்பைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பு மாதிரி நிற்கும். சூல்தண்டு அந்தக் கூம்புக்குள் இருக்கிறது. கூம்பின் பக்கவாட்டில் அடிப்பகுதியில் இடுக்கியை நுழைத்து மெதுவாகக் கிழித்தால் துண்டு துண்டாக வந்துவிடும். மேலிருந்து இழுத்தால் சூல்தண்டும் சேர்ந்து ஒடியும். எல்லாம் எடுத்த பிறகு, நடுவே பச்சையாக ஊசி மாதிரி ஒன்றும் அதன் அடியில் குண்டூசித் தலை அளவில் சூலகமும் மட்டும் மிஞ்ச வேண்டும். புல்லி இதழில் இரண்டை வெட்டிவிடுங்கள். காய் பெரிதானாலும் அந்த வெட்டு தெரியும், நூல் அறுந்து போனாலும் எது கலப்புக் காய் என்று குழப்பம் வராது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மேல், பனி காய்ந்ததும், தந்தைச் செடியில் அன்று விரிந்த பூவின் காம்பில் பேட்டரி டூத் பிரஷ்ஷை வைத்து அதிரவிடுங்கள். தூள் கொட்டும். தேனுக்காக வளர்க்கிற தேனீ இதைச் செய்யாது என்பது பலருக்குத் தெரியாது. தக்காளிப் பூவை அதிரவைத்து மகரந்தம் எடுப்பது வயிற்றில் நீலப் பட்டை போட்ட தேனீ போன்ற சில காட்டு இனங்கள்தான். தாய்ப் பூவின் சூல்முடியை, அதாவது அந்தப் பச்சை ஊசியின் நுனியை, தூளில் தொட்டு எடுங்கள். மறுநாளும் ஒருமுறை தொடுங்கள்.

ஒரு வாரத்தில் சூலகம் பருத்தால் பிடித்துவிட்டது. பழம் நன்றாகப் பழுக்க ஏழெட்டு வாரம் ஆகும். விதையைச் சதையோடு பிழிந்து கிளாசில் மூடி வைத்தால் நம் வெயிலுக்கு இரண்டே நாளில் நுரைத்துவிடும். கழுவி, நிழலில் தட்டில் பரப்பிக் காயவிடுங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும்.

படி 3: எஃப்1, அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை

கலப்புக் காயின் விதையிலிருந்து வரும் முதல் தலைமுறைதான் எஃப்1. ஐந்து விதை போடுங்கள். நம் எடுத்துக்காட்டில் எல்லாம் சாதா இலையோடு, நெட்டையாக வர வேண்டும். அப்படி வந்த ஒன்றிரண்டை வளர்த்து விதை எடுங்கள். பழம் சிவப்பாகத்தான் இருக்கும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தந்துவிடும்.

படி 4: எஃப்2 தட்டு

எஃப்1 செடியின் விதையிலிருந்து வரும் இரண்டாம் தலைமுறை எஃப்2. சுவாரசியம் இங்கேதான்.

உருளைக்கிழங்கு இலை வர வாய்ப்பு நாலில் ஒன்று. குள்ளம் வர நாலில் ஒன்று. மஞ்சள் பழத்துக்கும் நாலில் ஒன்று. மூன்று ஜீன்களும் வெவ்வேறு குரோமோசோம்களில் இருப்பதால் மூன்றும் சேர்ந்து வர 64ல் ஒன்று. அப்படி ஒரு செடியாவது கிடைக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 191 நாற்று போட வேண்டும். 191 குரோ பேக் என்றால் விட்டுவிடலாம். ஆனால் பழ நிறத்தைத் தவிர மற்ற இரண்டும் தட்டிலேயே தெரிகிறதே. 191ல் உருளைக்கிழங்கு இலையும் குள்ளமும் சேர்ந்தவை சுமார் 12. அந்தப் பன்னிரண்டை மட்டும் வளர்த்தால் அதில் மூன்று மஞ்சள் பழம் தரும் என்று எதிர்பார்க்கலாம். இரண்டு குழித் தட்டு, பன்னிரண்டு குரோ பேக். கணக்கு முடிந்தது.

தட்டைப் படிப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் தெரிவது குள்ளம். வித்திலை விரிந்து ஒரு வாரத்துக்குள், வித்திலைக்குக் கீழுள்ள தண்டு மற்றவற்றைவிடக் குட்டையாக, தடித்து நிற்கும். தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பார்த்தால் பள்ளம் பள்ளமாகத் தெரியும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. முதல் இலையும் கரும்பச்சையாக, சுருங்கி வந்தால் உறுதி. நாலில் மூன்று பங்கு நெட்டை நாற்றுகளை அப்போதே எடுத்துவிடலாம். எடுத்தால் மிஞ்சியவற்றுக்கு வெளிச்சமும் தாராளமாகக் கிடைக்கும்.

இலை வடிவத்துக்கு அவசரப்படக் கூடாது. முதல் இரண்டு இலை எல்லா நாற்றிலும் வழவழவென்றுதான் வரும். சாதா இலையும் அந்த வயதில் உருளைக்கிழங்கு இலை மாதிரி ஏமாற்றும். நாலாவது, ஐந்தாவது இலை வரட்டும். ஓரத்தில் ஒரு தெளிவான வெட்டு விழுந்துவிட்டால் அது சாதா. சந்தேகமாக இருந்தால் இன்னொரு இலைக்குக் காத்திருங்கள். குள்ளச் செடியில் இந்தச் சந்தேகம் அதிகமாக வரும், ஏனென்றால் சுருக்கம் ஓரத்தை மறைக்கும். விரலால் நீவிவிட்டுப் பாருங்கள்.

ஒரு பண்புக்கு நாலில் ஒன்று என்ற கணக்கு பெரிதாகத் தவறினால், உதாரணமாக நூறு நாற்றில் ஐந்தே குள்ளம் என்றால், விதை கலந்துவிட்டதோ என்று பாருங்கள். குள்ள நாற்று பலவீனமாக முளைத்து நாற்றழுகலில் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

புதர் ரகத்தோடு கலந்தால் வேறு கணக்கு

பி.கே.எம் 1ஐயே தந்தையாக வைத்து, உருளைக்கிழங்கு இலைக் கொடி ரகத்தோடு கலக்கிறவர்கள் நிறைய. மாநிலத்தின் வெயிலுக்குப் பழகிய ரகம், நல்ல யோசனைதான். ஆனால் உருளைக்கிழங்கு இலையோடு கூடிய புதர் ரகம் வேண்டும் என்று இறங்கினால், 16ல் ஒன்று கிடைக்கும் என்ற கணக்கு பொய்த்துப்போகும். நூறு போட்டாலும் ஒன்றும் வராது, இருநூறிலும் வராது.

இலை வடிவ ஜீனும் புதர் வளர்ச்சி ஜீனும் ஆறாவது குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்து வீடு. தாயிடமிருந்து வந்த குரோமோசோமில் உருளைக்கிழங்கு இலையும் கொடி வளர்ச்சியும் ஒட்டியிருக்கின்றன, தந்தையிடமிருந்து வந்ததில் சாதா இலையும் புதர் வளர்ச்சியும். இவை பிரிந்து இடம் மாறுவது அபூர்வம். நீங்கள் கேட்கிற செடிக்கு அந்த அபூர்வம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நடந்திருக்க வேண்டும். உலகத்தில் உருளைக்கிழங்கு இலைப் புதர் ரகங்கள் குறைவாக இருப்பதற்கு இதுவும் காரணம்.

இதையே சாதகமாகவும் பயன்படுத்தலாம். இந்தக் கலப்பில் உங்களுக்கு வேண்டியது புதர் ரகம் மட்டும்தான், இலை எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்றால், உருளைக்கிழங்கு இலை நாற்றுகளைக் கண்ணை மூடிக்கொண்டு கழித்துவிடுங்கள். அவை ஏறக்குறைய எல்லாமே கொடியாகத்தான் போகும். புதரா கொடியா என்பது சாதாரணமாக இரண்டாவது, மூன்றாவது பூங்கொத்து வந்த பிறகுதான் தெரியும். இங்கே ஐந்தாவது இலையே சொல்லிவிடுகிறது. ஆய்வுக்கூடங்களில் டிஎன்ஏ குறியீடு வைத்துச் செய்கிற தேர்வை நீங்கள் வெறும் கண்ணால் செய்கிறீர்கள்.

உருளைக்கிழங்கு இலைப் புதர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறவர்களுக்கும் வழி உண்டு, ஒரு தலைமுறை கூடுதலாகும். எஃப்2வில் புதராக நின்ற சாதா இலைச் செடிகளை முடிந்த அளவு அதிகமாக வளருங்கள். ஒவ்வொன்றின் விதையையும் தனித்தனியாக எடுத்து எஃப்3யில் பத்துப் பத்து நாற்று போடுங்கள். ஏதாவது ஒரு குடும்பத்தில் நாலில் ஒரு பங்கு உருளைக்கிழங்கு இலை தெரிந்தால், அதுதான் இடம் மாறிய குரோமோசோம். அந்த நாற்றுகள் புதராகவே நிற்கும்.

இலை பொய் சொல்லும் நேரங்கள்

ஜீன் இல்லாமலும் இலை உருமாறும். இதில் ஏமாந்தால் நோயைத் தேர்ந்தெடுத்து விதை எடுத்துக்கொண்டிருப்போம்.

வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் செடியைக் குறுக்கி, இலையைச் சுருக்கிவிடும். பார்த்தால் குள்ளம் மாதிரியே இருக்கும். வித்தியாசம் நிறத்தில்: குள்ளத்தின் இலை கரும்பச்சை, வைரஸ் பிடித்த இலை ஓரம் மஞ்சளாகி மேல்நோக்கிக் கிண்ணம்போல் மடியும். தண்டும் தடிக்காது. வெள்ளரி மொசைக் வைரஸ் இலையை நூலாக்கிவிடும். கேரட் இலை வந்துவிட்டது என்று கொண்டாடாதீர்கள். பக்கத்து வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்தாலும் இலை பெரணி மாதிரி மெலிந்து முறுக்கும். தக்காளி அந்த மருந்துக்கு ரொம்பவே கூச்சப்படும் செடி. நிழலில் வளர்ந்தால் கணுவிடை நீளும், குள்ளம்கூட நெட்டை வேஷம் போடும்.

இதற்கெல்லாம் ஒரே மருந்து, ஒவ்வொரு தட்டிலும் ஒரு ஓரத்தில் தாயையும் தந்தையையும் நாலு நாலு குழி போட்டு வைப்பதுதான். பெற்றோரும் சேர்ந்து உருமாறியிருந்தால் காரணம் வெளியே இருக்கிறது.

படி 5: எஃப்3 முதல்

எஃப்2வில் தேர்ந்த செடிகளில் பழம் ருசித்து, இரண்டு மூன்றை மட்டும் அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோங்கள். ஐந்தாறை இழுத்துக்கொண்டு போனால் ஒன்றையும் உருப்படியாகப் பார்க்க முடியாது. ஒவ்வொன்றும் தனி வரிசை, தனி லேபிள். லேபிளில் பெற்றோர் பெயர், தலைமுறை, செடி எண் மூன்றும் இருக்கட்டும். மார்க்கர் மை வெயிலில் மூன்று மாதம்கூடத் தாங்காது, பென்சில் தாங்கும்.

இலையும் குள்ளமும் ஏற்கெனவே நிலைத்துவிட்டதால் இனி தட்டில் பெரிய வேலை இல்லை. ஆனால் இலை இன்னும் ஒரு காவல் வேலை செய்யும். உருளைக்கிழங்கு இலை வரிசையில் திடீரென்று ஒரு சாதா இலை நாற்று முளைத்தால் எங்கோ மகரந்தம் கலந்துவிட்டது. பழைய உருளைக்கிழங்கு இலை ரகங்கள் பலவற்றில் சூல்முடி கூம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பூச்சி புகுந்துவிடும். விதைக்கு விடுகிற கொத்தை விரியும் முன்பே மெல்லிய வலைப் பையில் போட்டுக் கட்டுங்கள். காய் பிடித்ததும் அவிழ்த்துவிடலாம்.

உங்கள் குறிக்கோள் சாதா இலை என்றால் இந்தத் தலைமுறையில்தான் அது நிலைத்ததா என்று சோதிக்க வேண்டும். சாதா இலை காட்டிய எஃப்2 செடிகளில் மூன்றில் இரண்டு, உள்ளே மற்றதை ஒளித்து வைத்திருக்கும். ஒவ்வொன்றின் விதையிலும் பதினோரு நாற்று போட்டு, பதினொன்றும் சாதா இலையாக வந்தால் அந்த வரிசையை நம்பலாம்.

மற்ற குணங்கள், அதாவது பழ அளவு, தோல் தடிமன், விளைச்சல், நிலைக்க நேரம் பிடிக்கும். ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்புத்தன்மை பாதியாகும்: எஃப்2வில் 50 சதவீதம், எஃப்4ல் 12.5, எஃப்6ல் 3 சதவீதம் சொச்சம். எஃப்6, எஃப்7 வந்தால் ரகம் என்று சொல்லிக்கொள்ளலாம். வருடம் இரண்டு பட்டம் என்றால் கலப்பிலிருந்து மூன்றரை, நாலு வருடம்.

கட்டமைப்புப் பண்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதில் மட்டும் நிதானம் தேவை. காம்பில் கணு இல்லாத தக்காளி ஒரு நல்ல உதாரணம். பறிக்கும்போது காம்புத் துண்டு பழத்தோடு வந்து மற்ற பழங்களைக் குத்தாமல் இருக்க, கலபகோஸ் தீவின் காட்டுத் தக்காளியிலிருந்து அந்தக் குணத்தைக் கொண்டுவந்தார் தக்காளி ஆராய்ச்சியாளர் சார்லஸ் ரிக். அந்தக் காட்டு விதை முளைக்கவே மறுத்தது. அங்குள்ள ராட்சத ஆமை தின்று வெளியேற்றிய விதை நன்றாக முளைப்பதைப் பிறகு கண்டுபிடித்தார்கள். சரி, கொண்டுவந்து வளர்ப்பு ரகங்களோடு சேர்த்தால், சிலவற்றில் பூங்கொத்து கன்னாபின்னாவென்று கிளைத்து, பூ மட்டும் நிறைய வந்து காய் பிடிக்கவில்லை. வளர்ப்பு ரகத்தில் ஏற்கெனவே இருந்த, அதுவரை யாரையும் தொந்தரவு செய்யாத இன்னொரு ஜீன் மாற்றம் இதோடு மோதியதுதான் காரணம் என்று 2017ல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் காட்டியது. ஆகவே குள்ளமும் புதரும் சேர்ந்தால் இன்னும் கச்சிதமாக இருக்குமே என்று கலக்கப் போனால், மைக்ரோ டாம் என்ற ரகத்தைப் போய்ப் பாருங்கள். இரண்டு குணமும் சேர்ந்த செடி அது. ஒரு சாண் உயரத்தில் அழகாக நிற்கும். குழம்புக்கு ஆகாது.

விதையும் சட்டமும்

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டப்படி விவசாயி தன் விதையைச் சேமிக்கவும், மாற்றிக்கொள்ளவும், விற்கவும் உரிமை உண்டு. பதிவு பெற்ற ரகத்தின் விதையை பிராண்டு முத்திரையிட்டு விற்கத்தான் கூடாது. புது ரகம் உருவாக்கப் பதிவு பெற்ற ரகத்தைப் பெற்றோராகப் பயன்படுத்தவும் தடையில்லை. அதே ரகத்தைத் திரும்பத் திரும்பப் பெற்றோராக வைத்துத்தான் விதை உற்பத்தி செய்ய முடியும் என்றால் மட்டும் உரிமையாளரின் அனுமதி வேண்டும். எஃப்6 வரை கொண்டுபோய் நிலைநிறுத்திய ரகத்துக்கு அந்தச் சிக்கல் வராது.

எஃப்2 விதையில் மிச்சம் இருப்பதைத் தூக்கி எறியாதீர்கள். பாதியில் உங்கள் ரசனை மாறலாம், எஃப்4ல் வைரஸ் வந்து வரிசையே போகலாம். நன்றாகக் காயவைத்து, காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் நாலைந்து வருடம் முளைப்பு கெடாது. டப்பாவுக்குள் தேதியும் கலப்பின் பெயரும் எழுதிய சீட்டு ஒன்று போடுங்கள். மேலே ஒட்டிய சீட்டு ஃப்ரிட்ஜ் ஈரத்தில் உரிந்துவிடும்.